பாவம் ஃபாதருக்கு, தண்டனை யாருக்கு?

ஞாயிறு பூசை முடிந்து சந்தாபுராவில் டீக்கடைப் பக்கம் ஒதுங்கினால் ஊர்க்காரர் நாலு பேராவது மாட்டுவார்கள். எல்லாம் தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம். எலக்ட்ரானிக் சிட்டியில் பொட்டி தட்டுகிறவர்கள். போன வாரம் பேச்சு 'சின்ஸ்' படத்தில் போய் நின்றது. 2005-ல் வினோத் பாண்டே எடுத்த ஆங்கிலப் படம். கேரளத்துக் கத்தோலிக்கச் சாமியார் ஒருவர் ஓர் இளம்பெண் மேல் பித்தாகிற கதை. வந்தபோது கத்தோலிக்க அமைப்புகள் எதிர்த்தன.

"தடை பண்ணியிருக்கணும்ணே" என்றான் ஒரு தம்பி.

தடை பண்ணி என்னத்தைக் கிழித்தோம்? 2006-ல் 'டாவின்சி கோட்' படத்தைத் தமிழக அரசு தடை செய்தது. அதே வருடம் சென்னை உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. யாருடைய விசுவாசமும் கரைந்துவிடவில்லை.

அதற்காக நான் இந்தப் படங்களுக்கு வக்கீல் இல்லை. என் கோபம் வேறு. 2002-ல் வந்த மெக்சிகோ படம் 'பாத்ரே அமாரோ'வில் கர்ப்பமான பெண் கள்ளத்தனமான கருக்கலைப்பில் சாகிறாள். சாமியார் அவளுக்கே அடக்கப் பூசை வைக்கிறார். 1983-ல் வந்த 'தார்ன் பேர்ட்ஸ்' தொடரில் அவர் கர்தினால் வரைக்கும் உயர்கிறார். அவளோ மகனைப் பறிகொடுக்கிறாள். நம்ம 'கடல்' (2013) செமினரியில் பெண்ணோடு பிடிபடுவதில்தான் ஆரம்பிக்கும். அங்கிருந்து கிளம்புவது இரண்டு ஆண்களின் பகை. கேமரா எப்போதும் அங்கிக்குள் நடக்கும் போராட்டத்தைத்தான் பார்க்கிறது.

நாம் மட்டும் என்ன ஒழுங்கு? எங்கள் ஊரில் பாடகர் குழுவில் ஒரு அக்கா. உதவிப் பங்குச்சாமியோடு சேர்த்துப் பேச்சு கிளம்பியது. உண்மையா என்று யாருக்கும் தெரியாது. ஃபாதருக்கு மாற்றல். அக்காவுக்குப் படிப்பு நின்றது, அவசரக் கல்யாணம். "அவதான் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினா" என்றார்கள் எங்கள் வீட்டிலேயே. நானும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் உறுத்துகிறது.

சாமியார் கல்யாணம் செய்யக்கூடாது என்பது திருச்சபை வைத்த ஒழுங்கு. விசுவாசக் கோட்பாடு அல்ல. பேதுருவுக்கே மாமியார் இருந்தார். குருக்களின் திருமணம் செல்லாது என்று 1139-ல் இரண்டாம் லாத்தரன் சங்கம் அறிவித்தது. உக்ரைன் கிரேக்கக் கத்தோலிக்கச் சபையில் மணமானவர்கள் இன்றும் குருவாகிறார்கள். இதை மாற்றுவதா வேண்டாமா என்று ரோம் முடிவு செய்யட்டும். ஆனால் பாவசங்கீர்த்தனம் கேட்கிறவரும் சொல்கிறவளும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. மேலே இருப்பவருக்குத்தானே பொறுப்பு அதிகம்? நாமோ கீழே இருப்பவளைப் பிடித்துக்கொள்கிறோம்.

ஊரைவிட்டு முந்நூறு மைல் வந்துவிட்டோம். இந்தப் பழக்கத்தையும் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறோம். அடுத்த முறை இப்படி ஒரு பேச்சு வீட்டில் எழுந்தால், முதலில் யார் பெயரை இழுக்கிறோம் என்று கவனியுங்கள். பக்கத்தில் உங்கள் மகள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

டிஸ்கி: 'சின்ஸ்' நல்ல படமா என்று கேட்காதீர்கள். இல்லை. ஆனால் மோசமான படத்துக்கு மருந்து தடை அல்ல. பாதியில் எழுந்து வருவதுதான்.