பாசிக்குள் ஒரு வீடு

மேகமலைச் சாரலில் ஈரப் பாறைப் பாசியைப் பிழிந்து, அந்த ஜலத்தில் ஒரு சொட்டைச் சூக்ஷ்மதர்சினியில் பாருங்கள். ஓட்டுக்குள் வாழும் அமீபா தென்படக் கூடும். அதன் உடலுக்கு நிலையான உருவமில்லை. ஆகவே ஓடே அடையாளம். மணல் துகள்களை ஒட்டிக் கட்டிய வீடானால் டிப்ளூஜியா. தானே சுரந்த சிலிகாச் செதில்களை ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கியிருந்தால் யூகிளைபா. தொப்பி போன்ற வட்டத்தின் அடியில், நடுவே வாயிருந்தால் ஆர்செல்லா. இவை குலப் பெயர்களே. வாயின் அமைப்பையும் ஓட்டின் அளவையும் கொண்டே இனத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

இதனால் ஆவதென்ன? பிராணி மடிந்தாலும் ஓடு சதுப்பு மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைக்கக் கூடும். ஈரத்தை நாடும் இனம் வேறு. வறட்சியைத் தாங்கும் இனம் வேறு. பெயர் பிசகினால், அச்சதுப்பு கண்ட மழையின் கணக்கும் பிசகிவிடும். 1895-ல் திறந்த பெரியாற்று அணையின் நீரால் நெல் விளைவிக்கும் கம்பம் பள்ளத்தாக்கினருக்கு மலை மழையின் கணக்கு அற்ப விஷயமாகுமா?