சொந்த நாடானாலும் ஆயத்தம் வேண்டும்

மஸ்ஜித் ரயில் நிலையத்தில் தினமும் இறங்கி ஏறும் தமிழர்கள் அநேகம் பேர். மூட்டை தூக்குபவர், மொத்தக் கடையில் கணக்கு எழுதுபவர், துறைமுகக் குமாஸ்தா என்று பலரும் அதில் அடக்கம். ஏதோ ஒரு பள்ளிவாசலால் அந்தப் பெயர் வந்தது என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். பக்கத்தில் சாமுவேல் தெருவில் உள்ள யூதர்களின் ஜெபாலயத்தைத்தான் அக்காலத்து மக்கள் 'ஜூனி மஸ்ஜித்', அதாவது பழைய மசூதி என்று அழைத்தார்கள். நிலையத்தின் பெயரும் அதிலிருந்தே வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1796-ல் அந்த ஜெபாலயத்தை நிறுவியவர் கம்பெனிப் படையில் அதிகாரியாக இருந்த சாமுவேல் எசக்கியேல் திவேகர். மைசூர்ப் போரில் திப்புவின் படையிடம் சிறைப்பட்டு உயிர் பிழைத்து வந்த நன்றிக்காகக் கட்டினார் என்று அவருடைய சமூகத்தார் சொல்கிறார்கள். மராத்தியில் அவர் பெயர் சாமாஜி ஹசாஜி.

இந்தச் சமூகத்துக்குப் 'பெனே இஸ்ரேல்' என்று பெயர். இஸ்ரேலின் மக்கள் என்பது அதன் பொருள். அலிபாகுக்கு அருகில் நவ்காவ் கரையில் கப்பல் உடைந்து, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் கரை ஏறினார்கள். அவர்களின் சந்ததியே நாங்கள் என்பது அவர்களது வரலாறு. கொங்கணக் கிராமங்களில் செக்காட்டி எண்ணெய் எடுத்தார்கள். சனிக்கிழமை செக்கை ஓட்டமாட்டார்கள் என்பதால் ஊரார் 'சனிவார் தேலி' என்றார்கள். பேண் ஊர்க்காரர் பேண்கர், ரோஹா ஊர்க்காரர் ரோஹேகர். பேச்சு மராத்தி, உடை மராத்தி, வழிபாடு மட்டும் எபிரேயம். பிற்காலத்தில் பட்டாளம், ரயில்வே, தபால், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று உத்தியோகங்களுக்கு வந்தார்கள். 1937-ல் பம்பாய் மேயராக இருந்த டாக்டர் இ. மோசஸ் இவர்களில் ஒருவர். மகாலட்சுமி பக்கம் அவர் பெயரில் சாலை இருக்கிறது. நம்மில் பலர் அதில் நடந்திருப்போம்.

சுதந்திரம் வந்த காலத்தில் ஏறக்குறைய இருபதாயிரம் பேராக இருந்த இச்சமூகத்தில் பெரும்பகுதி இஸ்ரேலுக்குப் போய்விட்டது. 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் இந்தியா முழுவதும் உள்ள யூதர்களைச் சேர்த்தாலும் ஐயாயிரத்தைத் தொடவில்லை. இந்த நாட்டில் அவர்களை யாரும் விரட்டவில்லை. ஐரோப்பாவில் அவர்கள் இனம் பட்ட பாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இங்கே பட்டதில்லை என்று அவர்களே சொல்வார்கள். ஆனாலும் போகிறார்கள். இன்றும் சில குடும்பங்கள் போக ஆயத்தமாகிக்கொண்டுதான் இருக்கின்றன.

அப்படி ஒரு குடும்பத்தைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டியிருக்கிறது.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபத்தாறு வருஷம் என் பக்கத்து மேஜையில் இருந்தவர் அந்த நண்பர். என்னை 'அண்ணா' என்பார்; நான் அவரை 'பாவ்' என்பேன். என் டிபன் பாக்ஸிலிருந்த இட்லி அவருக்கும், அவர் வீட்டுத் தேங்காய்ப் பால் குழம்பு எனக்கும் பழக்கமானவை. இருவரும் ஓய்வு பெற்றுப் பல வருஷங்கள் ஆகின்றன. போன மாதம் தாணேயில் அவர் வீட்டுக்கு மலீதாவுக்கு அழைத்திருந்தார். அது எலியா தீர்க்கதரிசியை நினைத்து, அவலில் தேங்காயும் சர்க்கரையும் பழமும் கலந்து படைக்கும் சடங்கு. கல்யாணம், பிரயாணம் எது என்றாலும் அவர்கள் வீட்டில் மலீதா உண்டு. "என்ன விசேஷம் பாவ்?" என்று கேட்டேன். "மகளோடு நானும் இஸ்ரேல் போகிறேன் அண்ணா" என்றார்.

நான் ஒரு முட்டாள்தனமான பதில் சொன்னேன். "என்ன கவலை? சொந்த ஊருக்குத்தானே போகிறீர்கள்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "எழுபத்திரண்டு வயதில் பார்க்காத ஊர் எப்படி அண்ணா சொந்த ஊராகும்? அங்கே தெருப்பலகையைக்கூட எனக்குப் படிக்கத் தெரியாது."

இந்தப் பதில் என்னை விடவில்லை. 'மூதாதையர் நாடு' என்ற சொல்லில் ஒரு மயக்கம் இருக்கிறது. அந்த மயக்கத்தில் அகப்படாமல் பெட்டி கட்டுகிறவரே அங்கே நிலைப்பார் என்பது என் துணிபு. இது வெறும் ஊகமில்லை. அவர்களது சரித்திரமே இதற்குச் சாட்சி.

சட்டம் தாராளமானதுதான். 1950 ஜூலையில் இஸ்ரேல் நாடாளுமன்றம் 'திரும்பி வரும் உரிமைச் சட்டம்' இயற்றியது. உலகில் எங்கிருக்கும் யூதரும் வந்து குடியேறலாம் என்றது. 1970-ல் அதைத் திருத்தி, யூதரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்களது கணவன் மனைவிமார் ஆகியோருக்கும் அந்த உரிமையை நீட்டினார்கள். இப்படிக் குடியேறுவதை அவர்கள் 'அலியா' என்கிறார்கள். மேலே ஏறுதல் என்று பொருள். ஏறுவது என்றால் மூச்சு வாங்காமல் இருக்குமா?

முதலில் ஏறியவர்களுக்கு மூச்சு வாங்கத்தான் செய்தது. பாலைவன விளிம்பில் இருந்த பேர்ஷேபா போன்ற ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். வேலையிலும் வீட்டிலும் தங்களை நிறம் பார்த்து நடத்துகிறார்கள் என்று குமுறினார்கள். 1951-ன் இறுதியில் ஒரு கூட்டம் டெல் அவீவில் உட்கார்ந்து மறியல் செய்து, "எங்களைப் பம்பாய்க்கே அனுப்புங்கள்" என்றது. மறு வருஷம் நூற்றுக்கு மேற்பட்டோர் விமானத்தில் திரும்பி வந்தார்கள். வந்தவர்களில் பலர் மீண்டும் இஸ்ரேலுக்கே போகக் கேட்டு விண்ணப்பித்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. இரண்டு ஊருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மனிதனின் நிலை அது. நமக்குத் தெரியாததா என்ன!

அடுத்தது கல்யாண விவகாரம். இவர்கள் அசல் யூதர்தானா, தாய்வழிப் பரம்பரையை விசாரித்த பிறகே மணம் முடித்து வைக்க வேண்டும் என்று 1962-ல் அங்குள்ள மதத் தலைமை உத்தரவிட்டது. உள்ளே விடும்போது யூதர், பெண் கேட்கும்போது சந்தேகமா என்று இவர்கள் கொதித்தெழுந்தார்கள். 1964-ல் எருசலேமில் பெரிய போராட்டம் நடந்தது. அந்த வருஷம் ஆகஸ்டில் நாடாளுமன்றமே கூடி, இவர்கள் எல்லா வகையிலும் சம உரிமையுள்ள யூதர்கள் என்று அறிவித்தது. மதத் தலைமையும் தன் உத்தரவிலிருந்து இவர்கள் பெயரை நீக்கியது. சட்டம் வாசலைத் திறந்துவிடும். வீட்டுக்குள் உட்கார இடம் நாமேதான் பெற வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

நம் பக்கத்து மாநிலமான கேரளத்தின் கொச்சி யூதர்கள் கதையும் இப்படித்தான். அவர்கள் புறப்படத் தயாராக நின்றபோது, யானைக்கால் வியாதி பரவுமோ என்ற அச்சத்தால் அங்குள்ள சுகாதார அதிகாரிகள் தடுத்து வைத்தார்கள். பரிசோதனைகளுக்குப் பிறகு 1950-களின் நடுவில்தான் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தார்கள். கொச்சியில் வியாபாரமும் கைத்தொழிலும் செய்த ஜனங்கள் அங்கே நெவாதிம் போன்ற கூட்டுறவுக் கிராமங்களில் மண்வெட்டி பிடித்தார்கள். பிற்பாடு பூ வளர்த்து ஏற்றுமதி செய்யும் அளவுக்கு முன்னேறினார்கள். முன்னேறினார்கள் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிடலாம். அதற்குள் ஒரு தலைமுறையின் முதுகு வளைந்துபோயிற்று.

இப்போது நண்பர் வீட்டுக்கு வருவோம். அவர் எப்படி ஆயத்தமாகிறார் என்று பார்த்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அலுவலகத்தில் கோப்பு கட்டியது போலவே கட்டி வைத்திருக்கிறார்.

முதலாவது தஸ்தாவேஜு. பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, போலீஸ் நற்சான்று, யூதர் என்பதற்கு ஜெபாலயத்தின் கடிதம், பெற்றோரின் 'கேத்துபா' என்னும் திருமண உடன்படிக்கை எல்லாம் அதில் இருக்கின்றன. அரசுச் சான்றுகளுக்கு அப்போஸ்டில் முத்திரை வாங்கியிருக்கிறார். இவ்வளவிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். அவருடைய தாத்தாவுக்கு ஒரு பதிவேட்டில் ஆபிரகாம், இன்னொன்றில் ஆபாஜி. இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க ஆறு மாதம் அலைந்தார். பள்ளிச் சான்றில் ஒரு இனிஷியலும் ரேஷன் கார்டில் வேறு இனிஷியலுமாக அல்லாடும் நம்மவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

இரண்டாவது, இங்கே எதை விடுகிறோம் என்ற கணக்கு. நம் நாட்டின் 1955-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். பிறகு கிடைப்பது வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை. அதை வைத்துக்கொண்டு வந்து போகலாம், தங்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. பென்ஷனுக்கு வருஷா வருஷம் உயிர்வாழ்ச் சான்று அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி மகளிடம் கொடுத்திருக்கிறார்.

மூன்றாவது மொழி. குடியேறுகிறவர்களுக்கு எபிரேயம் கற்றுத்தர 'உல்பான்' என்ற பள்ளிகளை அந்த நாடு நடத்துகிறது. முதல் பள்ளி 1949-ல் எருசலேமில் தொடங்கியது. வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம், ஐந்து மாதம் என்பது வழக்கமான ஏற்பாடு. வந்து சேர்ந்த முதல் ஆறு மாதம் கைச்செலவுக்குப் பணமும் தருகிறார்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாமல், நண்பர் இங்கேயே பேத்தியுடன் உட்கார்ந்து அட்சரம் எழுதுகிறார். வலமிருந்து இடமாக எழுத வேண்டும். அச்சில் பெரும்பாலும் உயிர்க்குறிகள் இருக்காது. ஜெபப் புத்தகத்தை அறுபது வருஷமாக வாசிக்கிறவருக்குக் காய்கறிக்கடையில் பேச வராது. அதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொண்டு பாலபாடத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறாரே, அதைத்தான் நான் ஆயத்தம் என்கிறேன்.

நான்காவது, வீட்டில் உரக்கப் பேசாத விஷயம். அந்த நாட்டில் பதினெட்டு வயதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கட்டாய ராணுவ சேவை என்பது பொது விதி. பேத்திக்குப் பதினாறு ஆகிறது. 2023 அக்டோபர் 7-ம் தேதி நடந்த படுகொலையும், அதைத் தொடர்ந்து காசாவில் பல்லாயிரம் உயிர்களைக் குடித்த போரும் எல்லாரும் அறிந்ததே. இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நேர்மை ஆகாது. இவர்களுக்கு மூதாதையர் பூமியான அதே மண் பாலஸ்தீன அரபு மக்களுக்கும் மூதாதையர் பூமி. 1948 போரில் சுமார் ஏழு லட்சம் பேர் வீடு வாசல் இழந்து அகதிகளானார்கள். அவர்களுக்குத் திரும்பி வரும் உரிமைச் சட்டம் ஏதும் கிடையாது. "இதை யோசித்தீர்களா பாவ்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். "யோசிக்காமல் போகிறவன் குருடன் அண்ணா. பேத்தியிடமும் சொல்லித்தான் அழைத்துப் போகிறேன்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. போகிற இடத்தில் தனக்கு முன்னே யார் இருந்தார்கள் என்று தெரிந்துகொண்டு போவதும் ஆயத்தத்தில் சேர்ந்ததே.

எல்லாம் முடிந்து விடைபெறும்போதுதான் அவர் கண் கலங்கியது. அவர்களது பொது ஜெபத்துக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். அவர் போகும் ஜெபாலயத்தில் சில வாரங்களில் ஒன்பது பேர்தான் சேர்கிறார்கள். பத்தாவது ஆளுக்காகத் தொலைபேசியில் கூப்பிட்டுக் காத்திருக்கிறார்கள். "இனி நானும் இல்லை என்றால் எட்டு" என்றார். மனைவியின் சமாதி இங்கே இருக்கிறது. அதை யார் பார்ப்பார்கள் என்பதற்கும் ஒரு ஆளை ஏற்பாடு செய்து பணம் கட்டியிருக்கிறார். ஆனால் பத்தாவது ஆளுக்கு அவரால் ஏற்பாடு செய்ய முடியவில்லை.

போவது சரியா, தங்குவது சரியா என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? போகிறவரை நன்றி கெட்டவர் என்பதும், தங்குகிறவரைத் துணிவில்லாதவர் என்பதும் அநியாயம். அங்கே போனவர்கள் மராத்தியை விட்டுவிடவில்லை. 'மாய்போலி' என்று ஒரு மராத்திப் பத்திரிகையே நடத்தினார்கள். தாய்மொழி என்பது அதன் பொருள். இரண்டாயிரம் வருஷம் எருசலேமை நினைத்து ஜெபித்தவர்கள், எருசலேமுக்குப் போனபின் கொங்கணத்தை நினைத்து எழுதினார்கள்!

இதில் நமக்கும் ஒரு செய்தி உண்டு. ரிட்டையர் ஆனதும் ஊருக்குப் போய்விடுவேன் என்று தாராவியிலும் மாடுங்காவிலும் செம்பூரிலும் சொல்லாத தமிழர் இல்லை. ஊரில் வீட்டுப் பட்டா யார் பெயரில் இருக்கிறது? நம் பேரக் குழந்தைக்குத் தமிழில் பஸ் பலகையைப் படிக்கத் தெரியுமா? வருஷத்துக்கு ஒரு முறை பத்து நாள் போய் வந்த ஊர், பதினோராவது நாள் நம்மை எப்படி வைத்துக்கொள்ளும்? இவற்றைக் கேட்டுக்கொள்ளாமல், 'சொந்த ஊர்தானே' என்று டிக்கெட் எடுத்தவர்கள் சிலர் ஆறு மாதத்தில் தாதர் ஸ்டேஷனில் வந்து இறங்கியதை நாம் பார்த்திருக்கிறோம்.

நண்பரின் மேஜையில் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்றில் கணக்கு, மற்றொன்றில் அட்சரம். இந்த இரண்டும் இருந்தால் எழுபத்திரண்டு வயதிலும் புறப்படலாம். இல்லாவிட்டால் இருபது வயதிலும் புறப்படக் கூடாது.