சாப்பிட்டே ஒழிச்சிடலாமா? ஐரோப்பாவைப் படுத்தி எடுக்கும் கிரேஃபிஷ்... பொறி வைத்தும் தீராதது ஏன்?

2017 ஆகஸ்ட். ஜெர்மனி தலைநகர் பெர்லினில் மழை பெய்து ஓய்ந்த நேரம். டியர்கார்டன் பூங்காவை ஒட்டிய சாலையில் சிவப்பாக ஏதோ ஊர்ந்து போகிறது. முன்பக்கம் நண்டு மாதிரி கொடுக்கு, பின்பக்கம் இறால் மாதிரி வால். பூங்காக் குளத்தில் பெருகிப்போன சிவப்பு கிரேஃபிஷ்தான் அது. இதன் சொந்த ஊர் அமெரிக்காவின் லூசியானா பக்கம். வீட்டுத் தொட்டியில் வளர்த்த யாரோ குளத்தில் விட்டிருக்கலாம் என்று சந்தேகம் எழுந்தது. மறு ஆண்டே நகர நிர்வாகம் ஒரு மீனவருக்கு உரிமம் கொடுத்தது. பிடிக்கலாம், உணவகங்களுக்கு விற்கலாம்!

கேட்க நல்ல யோசனைதான். தொல்லையும் தீரும், தட்டும் நிறையும். ஆனால் இதே வழியில் போன மற்ற நாடுகளின் கதையைப் பார்த்தால், விஷயம் அவ்வளவு லேசு இல்லை என்பது புரியும்.

எப்படிப் பிடிக்கிறாங்க, எப்படிச் சமைக்கிறாங்க?

லூசியானாவில் இது நெல் விவசாயிகளின் இன்னொரு வருமானம். அறுவடை முடிந்த வயலில் தண்ணீர் கட்டுவார்கள். மண்ணுக்குள் வளை தோண்டிப் பதுங்கியிருந்த கிரேஃபிஷ், குஞ்சுகளோடு வெளியே வரும். கம்பிவலைக் கூண்டுக்குள் இரை வைத்து, தண்ணீரில் வரிசையாக நட்டு, படகில் போய் ஒவ்வொன்றாக எடுத்துக் கொட்டுவார்கள். பிறகு பெரிய அண்டாவில் மிளகாய், மசாலா, உருளைக்கிழங்கு, மக்காச்சோளத்தோடு போட்டு வேகவைத்து, மேசையில் நியூஸ்பேப்பர் விரித்து அப்படியே கொட்டிவிடுவார்கள். தலையைத் திருகி, வாலை உரித்து, தலையில் இருக்கும் சாற்றை உறிஞ்சிச் சாப்பிடுவதுதான் ஊர் வழக்கம். 2023-ல் வறட்சி வந்து வயல்கள் காய்ந்ததும் விலை எகிறியது. 2024 மார்ச்சில் மாநில ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி இதற்காகவே பேரிடர் அறிவிப்பு வெளியிட்டார் என்றால், அங்கே இதன் மவுசைப் பார்த்துக்கோங்க.

சீனாவில் கதை இன்னும் பெருசு. 1930 வாக்கில் ஜப்பான் வழியாக வந்த அதே சிவப்பு கிரேஃபிஷ், இன்று நெல் வயல்களிலேயே வளர்க்கப்படுகிறது. 2022-ல் மட்டும் உற்பத்தி 28 லட்சம் டன்னைத் தாண்டியது. கோடைகால இரவுகளில் கையுறை மாட்டிக்கொண்டு, காய்ந்த மிளகாயும் பூண்டும் நாக்கு மரத்துப்போக வைக்கும் சிச்சுவான் மிளகும் போட்ட கிரேஃபிஷை பீரோடு சாப்பிடுவது அங்கே ஒரு கொண்டாட்டம். வெளியிலிருந்து வந்த உயிரினத்துக்கு இவ்வளவு பெரிய சந்தை உருவான பிறகு, அதை ஒழிக்க யாருக்கு மனசு வரும்?

ஸ்வீடன் செஞ்ச தப்பு என்ன?

ஸ்வீடனில் ஆகஸ்ட் வந்தால் கிரேஃபிஷ் விருந்து. வாசம் தூக்கும் டில் என்ற செடியின் பூவும் உப்பும் போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டு, சில்லென்று சாப்பிடுவார்கள். தலையில் காகிதத் தொப்பி வேறு!

1907-ல் இந்த விருந்துக்கு ஆபத்து வந்தது. 'கிரேஃபிஷ் பிளேக்' என்ற நோய் அங்கே பரவியது. ஐரோப்பாவின் சொந்த இனங்களுக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லை, கூட்டம் கூட்டமாகச் செத்தன. விருந்து நின்றுவிடக் கூடாது என்று 1960-களில் கலிஃபோர்னியாவிலிருந்து சிக்னல் கிரேஃபிஷைக் கொண்டுவந்து ஏரிகளில் விட்டார்கள். அதற்கு நோய் தாங்கும் சக்தி இருந்தது உண்மைதான். கூடவே அது அதே நோயைச் சுமந்து பரப்பும் இனமாகவும் இருந்தது. மிச்சம் மீதி இருந்த உள்ளூர் இனத்துக்கு அதுவே எமனானது.

பிரிட்டனுக்கும் 1970-களில் பண்ணைத் தொழிலுக்காகத்தான் சிக்னல் கிரேஃபிஷ் வந்தது. பண்ணையிலிருந்து தப்பி ஆறுகளில் புகுந்தது. அங்குள்ள வெள்ளைக் கொடுக்கு கிரேஃபிஷ் இப்போது அழிவின் விளிம்பில் நிற்கிறது.

பொறி வைத்தால் தீராதா?

இங்கேதான் சிக்கல். இரை வைத்த கூண்டில் ஏறுவது பெரும்பாலும் பெரியவைதான். வடக்கு யார்க்‌ஷயரில் ஒரு ஓடையின் தண்ணீரை வடித்துவிட்டு ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, கூண்டில் சிக்கும் அளவு வளர்ந்தவை 100-க்கு 3 கூட இல்லை. பெரியவை குட்டிகளைத் தின்னும் பழக்கம் கொண்டவை. அவற்றை மட்டும் பிடித்தால், மிஞ்சிய குட்டிகளுக்குக் கொண்டாட்டம்! போதாததற்கு, ஈரமான கூண்டும் பூட்ஸும் ஒரு ஆற்றிலிருந்து இன்னொரு ஆற்றுக்கு நோயைக் கொண்டுபோகும். அதனால்தான் இங்கிலாந்தில் அனுமதி வாங்காமல் யாரும் கிரேஃபிஷ் கூண்டு வைக்க முடியாது.

ஸ்பெயினில் ஒரு ஊரே தவித்தது

செவில் மாகாணத்தில் இஸ்லா மயோர் என்று ஒரு ஊர். சுற்றிலும் நெல் வயல். 1970-களில் வியாபாரத்துக்காகக் கொண்டுவந்த சிவப்பு கிரேஃபிஷ், நம்ம ஊர் வயல் நண்டு மாதிரி வரப்பைக் குடைந்தது. ஆனால் ஊருக்குச் சோறும் போட்டது. பிடிப்பது, வேகவைப்பது, வெளிநாட்டுக்கு அனுப்புவது என்று பல குடும்பங்கள் இதை நம்பியே வாழ்ந்தன. 2016-ல் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம், அந்நிய ஆக்கிரமிப்பு இனத்தை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஊர் கொதித்தது. கடைசியில் 2018-ல் சட்டத்தையே திருத்தி, ஏற்கெனவே பரவிவிட்ட பகுதிகளில் பிடிக்க வழி விட்டார்கள்.

தீர்ப்பில் தப்பில்லை, ஊர்க்காரர்கள் கோபத்திலும் தப்பில்லை. சந்தை உருவாகும் முன்பே முடிவெடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜப்பான் 2023 ஜூனில் எடுத்த நடுவழி கவனிக்க வேண்டியது. வீட்டில் வைத்திருப்பதை வளர்க்கலாம், ஆனால் விற்கவோ வெளியே விடவோ கூடாது.

நமக்கு என்ன?

இந்திய ஆறு, ஏரிகளுக்குச் சொந்தமான கிரேஃபிஷ் இனம் எதுவும் கிடையாது. ஆனால் வண்ண மீன் தொட்டிகளுக்காக இங்கேயும் கிரேஃபிஷ் விற்கப்படுகிறது. உணவுக்காக வந்து, தடை போட்ட பிறகும் குளங்களை விட்டுப் போகாத ஆப்பிரிக்கக் கெளுத்தியை நாம் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறோம். தொட்டி வியாபாரத்தில் உலகம் சுற்றும் இன்னொரு வகையான மார்பிள் கிரேஃபிஷுக்கு இனப்பெருக்கம் செய்ய ஆணே தேவையில்லை. குளத்தில் ஒன்றே ஒன்று விழுந்தாலே போதும்.