பால் சோறு போதுமா பூனைக்குட்டிக்கு?



வேலையில்லாத் திண்டாட்டம், தண்ணீர்ப் பஞ்சம் என்று எழுத எத்தனையோ இருக்க, இவன் பூனைக்குட்டியைப் பிடிச்சுக்கிட்டானே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் நெல்லும் கடலையும் மூட்டை கட்டி வைத்திருக்கும் வீடுகளில் பூனைதான் சம்பளமில்லாத காவல்காரன். அந்தக் காவல்காரனுக்கு நாம் போடும் சாப்பாடு என்ன? குட்டியில் பசும்பால், கொஞ்சம் வளர்ந்ததும் பால் சோறு, அப்புறம் மிச்சக் குழம்புச் சோறு. வயிற்றால் போய்க் குட்டி செத்தால், "நாலுல ஒண்ணு தங்குனா பெரிசு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். எல்லாப் பழியையும் விதி மேல் போடாதீர்கள். நாம் வைக்கும் கிண்ணத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பதே என் கருத்து.

பூனைக்குப் பால் என்பது தெனாலிராமன் கதை கேட்ட நாளிலிருந்து நமக்கு மனப்பாடம். ஆனால் குட்டிக்கு உரியது தாய்ப்பூனையின் பால். அதில் பசும்பாலைவிடப் புரதம் மிக அதிகம். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குட்டி வளர வளரக் குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை குடலில் தண்ணீரை இழுத்துப் பேதியாக்கும். உள்ளங்கை அளவு உடம்பு எத்தனை நேரம் தாங்கும்?

சரி, சோறு? டீசல் என்ஜினுக்குப் பெட்ரோல் ஊற்றி ஓட்டுவோமா? பூனை மாமிசம் தின்றே வாழும் பிராணி. டாரின் என்ற சத்தை அதன் உடம்பு போதிய அளவு தயாரித்துக்கொள்ளாது. அது இறைச்சியில், மீனில், எலியில் இருக்கிறது; அரிசியிலும் பருப்பிலும் கிட்டத்தட்ட இல்லை. வம்பன் பயறு ஆராய்ச்சி மையம் தந்த உளுந்து நமக்குப் பலம் தரும், பூனைக்குப் போதாது. டாரின் குறைந்தால் பூனையின் கண்பார்வை கெடும் என்று 1975-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். இதயமும் வீங்கிப் பலவீனமாகும் என்று 1987-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள்.

"மனுஷனுக்கே மீன் இல்லை, பூனைக்கா?" என்று கேட்பது நியாயம்தான். நான் சொல்வது பெரிய செலவு இல்லை. எட்டு வாரம் வரை தாயிடமிருந்து குட்டியைப் பிரிக்காதீர்கள். தாய்க்கு நன்றாகப் போட்டாலே குட்டிக்குப் பால் ஊறும். நாலு வாரத்துக்குப் பின், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீன் வரும் நாளில் இரண்டு துண்டை உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, மசித்துக் கொடுங்கள். வேகவைத்த தண்ணீரையும் ஊற்றுங்கள். டாரின் அதில்தான் கரைந்து இறங்கியிருக்கும். கோழிக்கறி, அவித்த முட்டையும் ஆகும். சின்ன வயிறு, நாலு வேளையாகப் பிரித்து வையுங்கள். குடிக்கத் தனியாகத் தண்ணீர் வேண்டும். வெங்காயம் போட்ட குழம்பு வேண்டவே வேண்டாம், அது ரத்தத்தைக் கெடுக்கும். எலி மருந்து வைக்காத இடமாக இருந்தால், தாய் கொண்டுவரும் எலியைப் பிடுங்காதீர்கள். பூனைக்கு அதுதான் முழுச் சாப்பாடு. வசதியுள்ளவர்கள் குட்டிகளுக்கென்றே விற்கும் தீனியை வாங்கலாம். தாயில்லாக் குட்டி என்றால் முதலில் சூடாக வைத்து, கால்நடை மருத்துவரிடம் கேட்டு அதற்கென்று உள்ள பால்பவுடர் கொடுங்கள். குழந்தை மாதிரி மல்லாத்திப் புகட்டினால் புரையேறும். குப்புற வைத்தே புகட்ட வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டுக்குப் போய் அப்பாயியிடம், "ஒனக்கு ஒண்ணுந் தெரியாது" என்று சொல்வதற்கா இந்தப் படிப்பு? தன் காப்பிக்கு வைத்த பாலில் பாதியைக் குட்டிக்கு ஊற்றுகிறதே அப்பாயி, அந்த மனசு எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடைக்காது. அந்த மனசோடு கொஞ்சம் விஷயத்தையும் சேர்ப்பதுதான் படித்த பிள்ளையின் வேலை. இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, உங்கள் வீட்டுப் பூனைக் கிண்ணத்தைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள், தோழர்களே!

இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்,
வல்லத்திராக்கோட்டை