கொம்பு

சங்கரன்கோவில் வீட்டில் ஆச்சியின் அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் எப்போதும் ஒரு மான் கொம்புத் துண்டு கிடக்கும். எங்களுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தால், கல்லில் தண்ணீர் விட்டு உரைத்துக் கன்னத்தில் பற்றுப் போடுவாள்.

தமிழில் மாட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு, 'கெ'னாவுக்கும் ஒற்றைக் கொம்பு. மானேஜருக்கு முளைப்பது தனி ரகம்! மாட்டுக் கொம்பின் மேலோடு நம் நகம் மாதிரி. ஆயுசுக்கும் கூடவே வரும். புள்ளிமான் கொம்போ அசல் எலும்பு. உதிரும், மறுபடி முளைக்கும். புடம் போட்டால் சித்த வைத்தியத்தில் சிருங்கி பற்பம்.

ஆச்சி போனபின், ஞாபகமாக அதை ஆபீஸ் மேஜையில் பேப்பர் வெயிட்டாக வைக்க நினைத்தேன். வக்கீல் நண்பர் அலறினார்.

"வே, ஆச்சி உரைச்சா வைத்தியம். நீரு வச்சிருந்தா கேசு!"

"தானா உதிர்ந்ததுதானே?"

"யாரு கண்டா? 1972 வனவிலங்குச் சட்டத்துல கொம்புன்னு பேர் சொல்லியே போட்டிருக்கு. 2003-ல கணக்குக் காட்ட 180 நாள் அவகாசம் குடுத்தாங்க. அப்ப எங்க போனீரு?"

பி.காம். படித்தவன் கணக்குக் காட்டத் தவறிவிட்டேன்! அவரையே கூட்டிக்கொண்டு போய் வனத்துறை ஆபீசில் ஒப்படைத்தேன்.

கல் மட்டும் வீட்டில் இருக்கிறது, நடுவில் ஆச்சி உரைத்த குழியோடு. அதற்குச் சர்ட்டிபிகேட் வேண்டாமாம்.