மதிப்பெண் போடும் கைக்கும் சாதி உண்டு

திறன் பயிற்சி என்று பேச்செடுத்தாலே எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள், எத்தனை பேருக்குச் சான்றிதழ் கிடைத்தது என்ற கணக்கைத்தான் நம் முன் வைக்கிறார்கள். யார் கற்றுக்கொடுத்தார், யார் தேர்வு வைத்தார் என்று எவரும் கேட்பதில்லை. ஒரு தலித் இளைஞரின் கைக்கு வெல்டிங் டார்ச் வருமா, துடைப்பம் வருமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவர்கள் அந்த இருவர்தான்: பயிற்றுநரும் மதிப்பீட்டாளரும்.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து நின்ற மண் இது. அடுத்த ஆண்டே காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. 2023இல் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 18 பாரம்பரியத் தொழில்களோடு வந்தபோதும், குடும்பத் தொழில் என்ற நிபந்தனையைச் சுட்டிக்காட்டித் தமிழ்நாடு அதை ஏற்க மறுத்தது. சரியான முடிவு. ஆனால் குலக்கல்வி எப்போதும் அரசாணையாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. "உங்க பசங்களுக்கு ஹவுஸ்கீப்பிங்தான் செட் ஆகும், ஏசி மெக்கானிக் எல்லாம் கஷ்டம்" என்று சேர்க்கை மேசையில் சொல்லப்படும் ஒரு வார்த்தையாகவும் வரும். நாங்கள் வேலை செய்யும் குடியிருப்புகளில் இந்த வார்த்தையைக் கேட்டுத் திரும்பி வந்த பிள்ளைகள் உண்டு.

ஐடிஐ பயிற்றுநர்களுக்கென ஓராண்டுப் பயிற்சி இருக்கிறது. குறுகிய காலத் திட்டங்களின் பயிற்றுநர்களுக்கும் தனிச் சான்றிதழ் உண்டு. தொழில் தெரிவதும் பாடத்திட்டம் தயாரிப்பதும் அவசியம்தான். அதற்கு மேல் ஒன்று வேண்டும். லேத்தில் முதலில் கை வைப்பவர் யார், தள்ளி நின்று பார்ப்பவர் யார், வகுப்பு முடிந்ததும் பட்டறையைக் கூட்டச் சொல்லப்படுபவர் யார் என்று கவனிக்கத் தெரிய வேண்டும். அப்பா கூலி வேலைக்குப் போன வீட்டிலிருந்து வரும் பெண்ணுக்கு வெர்னியர் அளவுகோல் முதல் நாள் புரியாது. அது அறிவுக் குறைவு அல்ல, அந்தக் கருவியை அதுவரை தொட விடாத சமூகத்தின் குறை. இதைப் புரிந்துகொண்டு ஒவ்வொருவருக்கும் இயந்திரத்தில் சம நேரம் ஒதுக்குபவரே பயிற்றுநர்.

அடுத்தது மதிப்பீட்டாளர். கற்றுக்கொடுத்தவரே தேர்வு வைக்கக் கூடாது என்பதால், குறுகிய காலப் பயிற்சிகளில் மதிப்பீட்டுக்கெனத் தனி முகமைகள் இருக்கின்றன. அவற்றை ஒழுங்குபடுத்த 2018இல் தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் கவுன்சிலும் அமைக்கப்பட்டது. ஏற்பாடு நல்லது. களத்தில் நாம் பார்ப்பது வேறு. ஒரே நாளில் ஒரு பேட்ச் முழுவதையும் முடித்து, டேப்லெட்டில் கேள்விகளைத் தட்ட வைத்து, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மையத்துக்கு வரும் பணத்தில் ஒரு பகுதி தேர்ச்சி எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருக்கும்போது, எல்லோரையும் பாஸ் போடச் சொல்லும் அழுத்தம் தானாக வருகிறது.

இது கருணை போலத் தெரியும். உண்மையில் நம் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். குழாய் இணைக்கத் தெரியாமல் பிளம்பர் சான்றிதழோடு போகும் இளைஞரை ஒப்பந்ததாரர் ஒரே வாரத்தில் திருப்பி அனுப்புகிறார். கற்றுக்கொடுக்காத மையத்தை யாரும் திட்டுவதில்லை. "கோட்டா சர்டிபிகேட்" என்று அந்த இளைஞரின் சாதியைத்தான் திட்டுகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான அநீதியும் நடக்கிறது. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களுக்குச் சான்றளிக்கும் முறை ஒன்று உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இருபது ஆண்டு தோலோடு உழைத்தவர் விரல் வைத்தே தடிமனைச் சொல்வார். அவரிடம் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அவர் தோற்பார். அங்கே தோற்றது அவர் திறமையா, கேட்டவரின் முறையா?

மனிதக் கழிவு அகற்றுவோர் மறுவாழ்வுச் சட்டம், 2013, மாற்றுத் தொழில் பயிற்சியையும் பயிற்சிக் காலத்தில் மாதம் 3000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகையையும் உறுதி செய்கிறது. 2023இல் வந்த நமஸ்தே திட்டம் இயந்திரமயத்தை நோக்கமாகச் சொல்லி, பாதுகாப்புப் பயிற்சியும் கவசங்களும் தருகிறது. இங்கே பயிற்றுநரின் ஒரு சொல் உயிர்ப் பிரச்சினை. "கவசம் போட்டு இறங்கு" என்பவர் பழைய தொழிலுக்குப் புதுச் சட்டை மாட்டுகிறார். "யார் சொன்னாலும் இறங்காதே, இந்த வண்டியை நீயே இயக்கு" என்று கற்றுக்கொடுப்பவரே சட்டத்தின் பக்கம் நிற்கிறார்.

"தொழிற்கூடத்துக்குள் சாதியை இழுக்காதீர்கள்" என்று சொல்வோர் உண்டு. நாம் இழுக்கவில்லை தோழர்களே, அது ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அரசு ஐடிஐ பணியிடங்களுக்கு இட ஒதுக்கீடு பொருந்தும், 2009 முதல் அருந்ததியர் உள் ஒதுக்கீடும் சேர்த்து. பொதுப் பணத்தில் நடக்கும் தனியார் பயிற்சி மையங்களுக்கும் மதிப்பீட்டு முகமைகளுக்கும் அந்தக் கடமை இல்லை.

எனவே நாம் கேட்பவை இவை. பொதுப் பணம் பெறும் மையங்களிலும் முகமைகளிலும் பட்டியல் சாதி, பழங்குடிப் பயிற்றுநர்களும் மதிப்பீட்டாளர்களும் உரிய விகிதத்தில் இருக்க வேண்டும். பட்டம் இல்லாவிட்டாலும் கைத்திறன் உள்ள தொழிலாளிகள் பயிற்றுநராக வழி வேண்டும். தேர்வு தமிழில், வாய்மொழியாக, செய்து காட்டும் முறையில் நடக்க வேண்டும். தோற்றவருக்குக் காரணம் எழுத்தில் தந்து, இலவச மறுதேர்வு வைக்க வேண்டும். எந்தத் தொழிற்பிரிவில் எந்தச் சமூகத்தினர் சேர்ந்தார்கள், தேறினார்கள், வேலை பெற்றார்கள் என்ற விவரத்தை மையம் வாரியாக வெளியிட வேண்டும்.

அதுவரை உங்கள் ஊர் மையத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கப் போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். கற்றுக்கொடுப்பவர் இந்தத் தொழிலை எங்கே செய்தார்? இயந்திரத்தில் என் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? பதில் வரவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.