விதி எல்லோருக்கும் ஒன்றே



ஸ்பெயின் நாட்டின் மத்தியதரைக் கடலோரத்தில் நீச்சல் குளத்துடன் கூடிய பெரிய பங்களாக்களை வாரக் கணக்கில் வாடகைக்கு விடுவது நல்ல வியாபாரம். ஜூலை, ஆகஸ்டில் வாடகை உச்சம். நான்கு குடும்பம் சேர்ந்து எடுத்தால் ஆளுக்குச் செலவு குறையும். சமையலறை இருப்பதால் ரொட்டி, ஆலிவ் எண்ணெய், மீன் எல்லாம் உள்ளூர்க் கடைகளிலும் விற்கும். இதை வேண்டாத தொழில் என்று வியாபாரி எவரும் சொல்லமாட்டார்.

ஆனால் ஓட்டல்காரர் உரிமம் எடுத்து, வரி கட்டி நடத்த, பக்கத்திலேயே பலர் எதுவுமின்றிக் கல்லா கட்டினால் அது போட்டியாகுமா? பதிவு எண் இல்லாதது, எண் பொருந்தாதது போன்ற காரணங்களுக்காக 65,000-க்கும் மேற்பட்ட வாடகை விளம்பரங்களை நீக்கும்படி 2025 மே மாதம் ஸ்பெயின் அரசு உத்தரவிட்டதை வெளியிட்டது. இது நியாயமே.

விதிகளைக் கெடுபிடி என்று அலுத்துக்கொள்கிறோம். பிரான்சில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம், தரையில் பதித்த தனியார் குளத்துக்கு வேலி, மூடி, கூரை, அலாரம் இவற்றில் ஒன்றைக் கட்டாயமாக்கியது. காப்பது குழந்தையின் உயிரை!

அரசு விதி செய்யட்டும். சிறியவரை அலைக்கழிக்காமல் செய்யட்டும். செய்த விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். நேர்மையான வியாபாரி கேட்பது அவ்வளவே.